லாபம் காட்டும் வங்கியை நம்பலாமா? – கேள்வி பதில்

கேள்வி: ஜெத்தாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கையில் 18 லட்சம் இருக்கிறது. இங்குள்ள ஒரு வங்கிக் கிளையில் மற்ற இடங்களைவிட ஒரு சதவீதம் வட்டி கூடுதல். ‘இந்த ஆண்டு லாபம் இத்தனை கோடி’ என்று அச்சடித்த தாளையும் மேலாளர் கொடுத்தார். லாபத்தில் ஓடும் வங்கிதானே, மொத்தத்தையும் போட்டுவிடலாமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: மொத்தத்தையும் வேண்டாம். அந்தத் தாளைப் படிக்காமலே இதைச் சொல்லலாம். வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு, ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். அசல், வட்டி இரண்டும் அதற்குள் அடக்கம். 2020 பிப்ரவரி 4க்கு முன்பு இது வெறும் ஒரு லட்சமாக இருந்தது. கீழக்கரைக் கிளையில் பாதி, ராமநாதபுரம் கிளையில் பாதி என்று பிரித்தாலும் வங்கி ஒன்றே என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் பெயரில் தனியாக ஒன்று, உங்கள் மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் சேர்த்து ஒன்று என்றால் மூன்றுக்கும் தனித்தனிக் காப்பீடு. இரண்டு வங்கிகளில், ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என நாலரை லட்சமாக நான்கு டெபாசிட் வைத்தால் உங்கள் 18 லட்சமும் ஓராண்டு வட்டியோடு அடங்கிவிடும்.

சரி, இப்போது அந்த லாபத் தாளுக்கு வருவோம்.

நீங்கள் போடும் டெபாசிட், வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் வகுத்த படிவத்தில்தான் வணிக வங்கிகள் பேலன்ஸ் ஷீட் போட வேண்டும். அதில் டெபாசிட்டுகள் அட்டவணை 3ல் இருக்கும். அந்தப் பணத்தை வாங்கி வங்கி வெளியே கொடுத்த கடன்கள் அட்டவணை 9ல் இருக்கும். உங்கள் பணம் பத்திரமா என்று கேட்டால், அட்டவணை 9ல் இருக்கும் கடன்கள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். லாபம் அப்புறம்.

ஏனென்றால் வங்கியின் லாபத்தில் கணிப்பு நிறைய கலந்திருக்கிறது. நல்ல கடன் என்று குறிக்கப்பட்ட கடனுக்கு, வட்டி கைக்கு வராவிட்டாலும் வருமானமாக எழுதலாம். மீன் கம்பெனிக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்த உடனே காசு வந்துவிட்டதாக வீட்டுக் கணக்கில் எழுதுவது மாதிரிதான். கடன் 90 நாள் தவறி வாராக்கடன் ஆனதும் இந்தச் சலுகை நின்றுவிடும். வராமலே வருமானமாக எழுதிய வட்டியையும் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். கூடவே லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டும். முதல் ஓராண்டுக்குக் குறைந்தது 15 சதவீதம், ஈடே இல்லாத கடன் என்றால் 25 சதவீதம். அப்புறம் படிப்படியாக ஏறி, வாராக்கடனாகி நான்கு ஆண்டு தாண்டினால் 100 சதவீதம். அதனால் ஒரு கடனை வாராக்கடன் என்று ஒப்புக்கொள்வதை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்களோ அவ்வளவுக்கு லாபம் பளபளப்பாகத் தெரியும்.

இது கற்பனை இல்லை. யெஸ் வங்கி 2016-17 கணக்கில் தன் மொத்த வாராக்கடன் 2,018 கோடி என்று காட்டியிருந்தது. ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து அது 8,373 கோடி என்றது. அந்த ஆண்டும் வங்கி லாபத்தில்தான் இருந்தது. 2020 மார்ச்சில் அதே வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. இப்படி வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டினால் வங்கி அதைத் தன் ஆண்டறிக்கையிலேயே சொல்ல வேண்டும் என்பது 2017 முதல் விதி. ஆங்கிலத்தில் ‘டைவர்ஜென்ஸ்’ என்ற தலைப்பில் இருக்கும். நான் ஒரு வங்கியின் ஆண்டறிக்கையை எடுத்தால் முதலில் தேடுவது அதைத்தான். தலைவர் உரையும் வண்ணப்படங்களும் இருக்கும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

அடுத்து ‘மொத்த வாராக்கடன் குறைந்துவிட்டது’ என்ற பெருமை. இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வங்கி 100 கோடி கடன் கொடுத்திருக்கிறது. அதில் 6 கோடி வாராக்கடன். அதற்கு 4 கோடி ஒதுக்கியாகிவிட்டது. மொத்த வாராக்கடன் 6 சதவீதம். ஒதுக்கியதைக் கழித்தால் மிச்சம் 2 கோடி. மொத்தக் கடனிலும் அந்த 4 கோடியைக் கழித்தால் 96 கோடி; அதில் இது சுமார் 2.1 சதவீதம். இது நிகர வாராக்கடன். இப்போது முழுசாக ஒதுக்கீடு செய்துவிட்ட 3 கோடிக் கடனை வங்கி ஏட்டிலிருந்து நீக்குகிறது. மொத்தக் கடன் 97 கோடி, வாராக்கடன் 3 கோடி. விகிதம் ஒரே நாளில் 3.1 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு ரூபாய்கூட வசூலாகவில்லை! ஒதுக்கீட்டில் மிச்சமுள்ள 1 கோடியைக் கழித்தால் நிகர வாராக்கடனோ அதே 2 கோடி, அதே 2.1 சதவீதம். ஆகவே மொத்தத்தைப் பார்த்து மயங்காமல் நிகரத்தைப் பாருங்கள். அட்டவணை 18ல் உள்ள குறிப்புகளில், ஆண்டுத் தொடக்கத்தில் வாராக்கடன் எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, வசூலில் குறைந்தது எவ்வளவு, ஏட்டிலிருந்து நீக்கியதில் குறைந்தது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். வசூலைவிட நீக்கம் பெரிதாக இருந்தால் அந்தப் பெருமையில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக மூலதன விகிதம். அடி விழுந்தால் தாங்கும் சொந்தப் பணம் வங்கியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் எண் இது. குறைந்தபட்சம் 9 சதவீதம். பாதுகாப்புக்கான கூடுதல் மூலதனத்தையும் சேர்த்தால் 11.5. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் இந்த எண் 2020 மார்ச்சில் 1.12 ஆக இருந்தது. கணக்கு வெளியாகி யாரும் பார்க்கலாம் என்ற நிலையில்தான் இருந்தது. அந்த நவம்பர் 17ஆம் தேதி 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது, பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் முழுசாகக் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கூடுதல் வட்டி கொடுப்பதாலேயே அந்த வங்கி மோசம் என்று சொல்லமாட்டேன். சிறு நிதி வங்கிகள் (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) டெபாசிட் திரட்ட வேண்டியிருப்பதால் கொஞ்சம் கூட்டித்தான் தருவார்கள். அவற்றுக்கும் அதே 5 லட்சம் காப்பீடு உண்டு. ஆசை இருந்தால் அங்கே ஒரு நாலரை லட்சம் போடுங்கள். கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 4,500 ரூபாய்.

கேள்வி: விசைப்படகு இன்ஜினுக்கு எங்கள் வீட்டுக்காரர் வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். மாதம் 5ஆம் தேதி தவணை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கட்டவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானத்துக்கு எங்கே போவது? ஜூலை முதல் வாரத்தில் வாராக்கடன் ஆகிவிடும் என்று வங்கியிலிருந்து போன் வந்தது. சும்மா மிரட்டுகிறார்களா?
– மண்டபம் வாசகி

பதில்: மிரட்டல் இல்லை அம்மா, நாள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 5ஆம் தேதித் தவணைக்கு ஜூலை 4ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. அன்று இரவு கணினியில் நாள் கணக்கை முடிக்கும்போது கடன் தானாகவே வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். மேலாளர் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

ஆனால் மூன்று தவணையையும் ஒரேயடியாகப் புரட்ட வேண்டியதில்லை. 90 நாள் எண்ணுவது மிகப் பழைய பாக்கியிலிருந்துதான். ஜூலை 4க்குள் ஏப்ரல் தவணையை மட்டும் வட்டியோடு முழுதாகக் கட்டிவிட்டால், அடுத்த பழைய பாக்கி மே 5 ஆகிவிடும். கெடு ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போகும். ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகு கடலுக்குப் போய்விட்டதால் அதற்குள் சமாளிக்கலாம். கட்டும் பணம் எந்தத் தவணைக்கு வரவு வைக்கப்பட்டது என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவறவிட்டால்தான் கஷ்டம். முன்பெல்லாம் வாராக்கடனான பிறகு வட்டியை மட்டும் கட்டியே சில வங்கிகளில் நல்ல கடனாக மாற்றிவிடுவார்கள். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை அடைத்துவிட்டது. பாக்கி மொத்தமும் கட்டினால்தான் இனி மாறும். இன்னொன்று, அதே வங்கியில் அவர் பெயரில் நகைக்கடன் இருந்தால் அதுவும் சேர்ந்தே வாராக்கடன் ஆகும், வட்டி ஒழுங்காகக் கட்டியிருந்தாலும்கூட. ஆளைப் பார்த்துத்தான் இந்த வகைப்பாடு. நீங்கள் உங்கள் பெயரில் தனியாக வைத்த நகை இதில் வராது.

ஒரு விஷயம் சொன்னால் கோபிக்கக் கூடாது. ஏப்ரல் 15ஆம் தேதிதான் தடை தொடங்குகிறது. 5ஆம் தேதித் தவணை அதற்கு முன்பே வந்துவிட்டது. அதைக் கட்டியிருந்தால் இந்தப் போனே வந்திருக்காது. வங்கிமீதும் எனக்குக் குறை உண்டு. ஆண்டுதோறும் 61 நாள் படகு கரையில் கிடக்கும் என்பது மண்டபத்தில் கிளை வைத்திருக்கும் வங்கிக்குத் தெரியாதா? வருமானம் வரும் மாதங்களுக்குத் தவணையைக் கூட்டி, தடை மாதங்களை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டிருக்கலாம். அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அப்படிக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடனில் தவணையை மாற்றினால், ‘மறுசீரமைப்பு’ என்று எழுதி அதுவே வாராக்கடன் ஆகிவிடும் சிக்கல் உண்டு. அப்படி ஆகாது என்று எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: பெரிய கம்பெனிகளின் கடனை எல்லாம் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்குகின்றன. எங்கள் மகளிர் குழுக் கடனுக்கு மட்டும் வாசலில் வந்து நிற்கிறார்கள். இது என்ன நியாயம்?
– தொண்டி வாசகி

பதில்: மேலே கீழக்கரைக்காரருக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். ஏட்டிலிருந்து நீக்கினாலும் கடன் அப்படியேதான் இருக்கிறது. வழக்கு, ஏலம், வசூல் எல்லாம் தொடரலாம். பின்னால் வசூலானால் அதை அந்த ஆண்டு வருமானமாக எழுதுவார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. பெரிய கடனில் வசூல் மெதுவாக நடக்கிறது, சின்னக் கடனில் வாசலுக்கே வருகிறார்கள். கணக்கியலில் இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: மிளகாய் விற்ற பணம் 3 லட்சத்தை எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருக்கிறேன். 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்கிறார்கள். உண்மையா?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஊரில் இருக்கும் சங்கத்துக்குக் கிடையாது. போர்டும் கவுண்டரும் வங்கி மாதிரியே இருப்பதால் குழப்பம் வருகிறது. நிதி நிறுவனம், சீட்டுக் கம்பெனி, நிதி லிமிடெட் எதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. சங்கத்திலேயே வைத்திருக்க விரும்பினால், நீங்கள் உறுப்பினர் என்ற முறையில் பேரவைக் கூட்டத்துக்குப் போய், கூட்டுறவுத் தணிக்கைத் துறையின் கடைசித் தணிக்கை அறிக்கை எந்த ஆண்டுக்கு முடிந்திருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டு பாக்கி என்றால் பணத்தை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு மாற்றுவதே நல்லது.

கேள்வி: 5 லட்சத்தை எஃப்.டி. போடத்தான் வங்கிக்குப் போனேன். சொன்ன இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் பாலிசி தபாலில் வந்திருக்கிறது. இன்னும் நான்கு வருடம் கட்ட வேண்டுமாம். என்ன செய்வது?
– ராமேசுவரம் வாசகர்

பதில்: இன்றைக்கே செய்யுங்கள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, கழிந்த நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தர வேண்டும். ‘பொறுங்கள், பேசி முடிப்போம்’ என்று கிளையில் சொன்னால் காத்திருக்காதீர்கள்; அந்த 30 நாளைக் கடத்தத்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் கணக்கில் இருக்கிறது. உங்கள் எஃப்.டி. அட்டவணை 3ல் ஏறும், வங்கி அதற்கு வட்டி தர வேண்டும். பாலிசியை விற்றால் கமிஷன் உடனே அட்டவணை 14ல், ‘இதர வருமானம்’ என்று வந்துவிடும். இன்சூரன்ஸ் விற்றதில் எவ்வளவு கமிஷன் என்பதை வங்கி தன் ஆண்டறிக்கைக் குறிப்பிலும் வெளியிட வேண்டும்.

எஃப்.டி. என்று சொல்லி ஏமாற்றியதற்காக வங்கிக்கும் தனியாக ஒரு புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி அனுப்புவது என்று கேட்க 14448 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகலை வங்கியிடம் கேட்டு முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.