பூக்கடைக்கும் கிடங்குக்கும் ஒரு மடக்குக் கத்தி

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு 31 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கிச் சரிபார்க்கும் வேலை. சனி, ஞாயிறில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அம்மாவின் பூக்கடையில் இருப்பேன். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை, மாலை நூல், வாழை இலை, நடுவில் ஒரு கொய்யாப்பழம் என்று எப்போதும் கத்தி தேவைப்படுகிறது. கையால் கத்தி செய்கிற இருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஒருவர் செய்வது பழைய பாணி: பூட்டு இல்லை, முதுகு ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், 52100 கார்பன் எஃகு, எருமைக் கொம்புப் பிடி, 7 செ.மீ. அலகு, 1,200 வெள்ளி. இன்னும் செய்யத் தொடங்கவில்லை. இன்னொருவரிடம் தயாராகவே ஒன்று இருக்கிறது: டைட்டானியப் பிடி, ஃபிரேம் லாக் என்ற பூட்டு, விரலால் தட்டினால் சட்டென்று திறக்கும், மேக்னாகட் எஃகு, 9 செ.மீ. அலகு, 1,900 வெள்ளி. 400 வெள்ளி கூடக் கொடுத்தால் டமாஸ்கஸ் அலகு போட்டுத் தருகிறாராம். இரண்டு வருடமாகச் சேர்த்த பணம். தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எது நல்லது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, எஃகைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தத் ‘தினமும்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். நம் மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6(1) பிரிவின்படி, முறையான அனுமதியோ முறையான காரணமோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. ஆயுதம் என்றால் வாளும் பாராங் வெட்டுக்கத்தியும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தாக்கினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். சின்னக் கத்திதானே என்று அளவைக் காட்டித் தப்பிக்க வழியில்லை. காரணம்தான் முக்கியம்.

உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. காலையில் கிடங்கு, வார இறுதியில் பூக்கடை. இரண்டு இடத்திலும் கத்தி வேலைக் கருவி. அதனால் வேலைக்குப் போகும் நாளில் வேலைப் பையில், கையுறை, டேப், பேனாவோடு கத்தியும் இருக்கட்டும். கிடங்கில் மேலாளருக்குத் தெரிந்திருக்கட்டும். வேலை முடிந்து நண்பர்களோடு சாப்பிடப் போகிறீர்களா, புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் பந்தாட்டம் பார்க்கக் கிளம்புகிறீர்களா, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கிறீர்களா, கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். விமானம் ஏறினால் செக்-இன் பெட்டிக்குள் போய்விட வேண்டும். அமெரிக்காவில் எழுதுகிறவர்கள் காலையில் சாவி, பர்ஸோடு கத்தியையும் எடுத்துப் போட்டுக்கொள்வதாக எழுதுவார்கள். அவர்கள் ஊர்ச் சட்டம் வேறு. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம்.

இப்படிப் பார்த்தாலே இரண்டாவது கத்திக்கு ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஸ்பிரிங் தெறித்துத் திறக்கும் கத்தியை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கே சுங்கத் துறை தடை போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் டைட்டானியக் கத்தி அந்த வகை இல்லை. உள்ளே தள்ளிவிடும் ஸ்பிரிங் கிடையாது, விரல் தட்டுகிற விசையும் வழுக்கும் பேரிங்கும்தான் திறக்கின்றன. ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சாலைத் தடுப்பில், டார்ச் வெளிச்சத்தில், 9 செ.மீ. அலகு ‘டக்’கென்று வெளியே பாயும்போது அந்த வித்தியாசத்தைப் போலீஸ்காரருக்கு விளக்கும் நிலையில் நீங்கள் நிற்க வேண்டாம் என்பது என் ஆசை. பாக்கெட் விளிம்பில் கிளிப் தெரியும்படி மாட்டிக்கொள்ளும் கத்தி கோயில் வாசல் கடையில் பூ வாங்க வருகிற பாட்டியையும் ஒரு நிமிடம் தயங்க வைக்கும். நகத்தால் இழுத்து, இரண்டு கையாலும் நிதானமாகத் திறக்கிற பேனாக் கத்தியைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள்.

ஆக, என் வாக்கு முதல் கத்திக்கு. ஆனால் அவர் சொன்ன எஃகும் அவர் சொன்ன பிடியும் வேண்டாம். அவர் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். சொல்லிச் செய்யும் கத்திக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் இந்த வாய்ப்புக்காகத்தான்.

52100 கெட்ட எஃகு இல்லை. பால் பேரிங் செய்வதற்காக வந்தது. ஏறக்குறைய 1 சதவீதம் கரி, 1.5 சதவீதம் குரோமியம். மெல்லிய கூர் பிடிக்கும், கல்லில் நாலு இழுப்பில் திரும்ப வந்துவிடும். வறண்ட ஊரில் இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன். பினாங்கில் கடல் காற்று, பூக்கடையில் எப்போதும் ஈரம். வாழைப்பூ அரிந்த பழைய இரும்புக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள், அரிந்து முடிப்பதற்குள் கறுத்துவிடும். வாழைப் பாலில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மைபோல ஆகிறது. அந்தக் கறை மறுநாள் மல்லிகைச் சரத்தில் ஒட்டினால் அம்மா என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். கறுப்பு படிவது கத்திக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதைத் துடைக்காமல் ஈரத்தோடு மடக்கி, மதியம் வரை பையில் போட்டுவிட்டால் அலகின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துரு குழி விழத் தொடங்கும். கடை வேலையின் நடுவில் ஒவ்வொரு தடவையும் துடைத்து மடக்க யாரால் முடியும்?

ஏஇபி-எல் எஃகில் செய்து தர முடியுமா என்று அவரைக் கேளுங்கள். ஸ்வீடனில் சவர பிளேடுக்காக உருவாக்கிய எஃகு அது. குரோமியம் 13 சதவீதத்துக்குப் பக்கம், அதனால் துரு எளிதில் அண்டாது. உள்ளே பெரிய கார்பைடு கட்டிகள் (கரியும் உலோகமும் சேர்ந்த கடினமான துகள்கள்) இல்லாததால் சவர பிளேடுபோலவே மெல்லிய விளிம்பைத் தாங்கும். சாதாரணச் சாணைக்கல்லே போதும். கடினம் ராக்வெல் அளவில் 60, 61 வரை இருந்தால் உங்கள் வேலைக்குச் சரி.

மேக்னாகட்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-இல் வந்த எஃகு. அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனால் அந்தக் குரோமியம் கரியோடு சேர்ந்து கட்டியாக முடங்கிவிடாமல் எஃகுக்குள் கரைந்தே இருக்கும்படி செய்திருக்கிறார். அதனால்தான் சதவீதம் குறைவாக இருந்தும் துருவை நன்றாகத் தாங்குகிறது. கூரும் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் அதில் வனேடியம், நயோபியம் கார்பைடுகள் உண்டு. மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் நேரம் பிடிக்கும், வைரத் தகடு இருந்தால் நல்லது. அட்டைப்பெட்டி மாதிரி கூரைத் தின்கிற பொருள் வேறில்லை. எந்த எஃகாக இருந்தாலும் கிடங்கு வேலையில் மழுங்கத்தான் போகிறது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தீட்டிக்கொள்ளக்கூடியதாக இருப்பது நல்லது.

இதை நான் என் அப்பாவிடம் பார்த்துப் படித்தேன். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரம் சீவும் ஜெபோங் கத்தியைச் சாயங்காலம் லயத்து வாசல்படியில் உட்கார்ந்து தீட்டுவார். கல்லை முதலில் ஒரு டப்பா தண்ணீரில் ஊறப் போடுவார். கத்தியின் வளைந்த வாயில் கல்லைச் சின்னச் சின்னதாக நகர்த்துவார். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் விளிம்பை லேசாக வைப்பார். வழுக்கினால் மறுபடியும் கல். பிடித்து நின்றால் துணியில் சுற்றி வைத்துவிடுவார். மரத்தில் ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். கத்தி மழுங்கி, அழுத்திச் சீவி, உள்ளே காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் திரும்ப வளரும். கண்காணி திட்டுவார் என்பதைவிட, மரத்துக்கு வலிக்கும் என்றுதான் அப்பா சொல்வார்.

உங்களுக்கு வேண்டியது 1000 எண் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று. அலகின் அகலம் 2 செ.மீ. என்றால், முதுகு கல்லிலிருந்து சுமார் 5 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி பிடியுங்கள். ஒரு பக்கத்துக்கு 15 பாகை வந்துவிடும். கை பழகும்வரை முதல் சில வாரம் வீட்டுக் காய்கறிக் கத்தியில் பழகிக்கொள்ளுங்கள்.

கொம்புப் பிடி அழகுதான், மறுக்கவில்லை. எனக்கே ஒன்று இருந்தது, கரும்பழுப்பில் நடுவே தேன் நிறக் கோடு ஓடும். பகல் முழுக்க ஏர்கான் ஓடும் அலுவலகம், வெளியே வந்தால் நம் ஊர்ப் புழுக்கம். கொம்பும் நம் நகம்போலத்தான், ஈரத்தை இழுக்கும், விடும். அதற்கேற்ப விரியும், சுருங்கும். எட்டாவது மாதம் கொம்புக்கும் பித்தளை முகப்புக்கும் நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. செய்தவருக்கு எழுதினேன், பதிலே இல்லை. அவ்வளவு ஆசையாக வாங்கியதை இழுப்பறையில் போட்டுவிட வேண்டியதாயிற்று. நீங்கள் மைக்கார்ட்டா கேளுங்கள்: கித்தான் துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த பலகை. பளபளவென்று மெருகேற்றாமல் விட்டால், ஈரக் கையில் வழுக்காது. பூக்கடைக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. கொம்பு இல்லாமல் மனம் கேட்கவில்லை என்றால், ஒரு சின்னத் துண்டாக மட்டும் பிடியில் பதித்துத் தரச் சொல்லுங்கள்.

பூட்டு இல்லாதது பயமாக இருக்கிறதா? டைட்டானியக் கத்தியின் ஃபிரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கத்தையே கீறி, அந்தப் பட்டை உள்ளே வளைந்து அலகின் அடியைத் தாங்கும்படி செய்திருப்பார்கள். கிறிஸ் ரீவ் என்ற கத்தி செய்பவர் தன் செபென்சா கத்தியில் கொண்டுவந்து, இன்று உலகமே பின்பற்றுகிற முறை. பலமானது, சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டு தேவைப்படுவது குத்தும்போதும் திருகும்போதும்தான். உங்கள் வேலை முழுக்க இழுத்து அறுக்கிற வேலை. அறுக்கும்போது அழுத்தம் அலகைத் திறந்தே வைத்திருக்கும். பெட்டியைக் குத்தித் திறக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். டேப்பின் ஓரத்தில் முனையைப் படுக்க வைத்து இழுத்தாலே போதும். மடக்கும்போது பாதியில், நேர்க்கோணத்தில், ஒரு தடவை நின்று பிறகு மூடும்படி செய்யச் சொல்லுங்கள். தவறி மூடினாலும் விரலுக்கு ஒரு நொடி அவகாசம் கிடைக்கும். டுரியான் பிளக்க மட்டும் இரண்டு கத்தியையும் எடுக்க வேண்டாம், அதற்குத் தனிக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது: முதுகு ஸ்பிரிங்கும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அலகை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பிரிங்கைக் கார்பன் எஃகில் விட்டுவிடுவார்கள். வியர்வையும் பூத்தண்ணீரும் போய்த் தேங்குவது அங்கேதான். மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு கீலில் விடுங்கள். பழம் நறுக்கினாலும் பயமில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். உங்கள் கிடங்கில் ஏர்கான் இருந்தால் கீலுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். நாளாவட்டத்தில் சிக்கு வாடையும் வரும்.

டமாஸ்கஸுக்காக 400 வெள்ளி? வேண்டாம் தம்பி. இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, சூடாக்கி அடித்து ஒட்டி, பிறகு அமிலத்தில் முக்கி வரிகளை எடுத்துக்காட்டுவது. உழைப்பும் கலையும் அதில் நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதற்குப் பயன்படும் 1095, 15என்20 என்ற எஃகுகள் இரண்டுமே துருப்பிடிப்பவை. பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு வேறு. அது மூசை என்னும் மண் குடுவையில் உருக்கி எடுத்தது, தென்னிந்தியாவிலிருந்து போனது. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. மைக்கேல் ஃபாரடே இளம் வயதில், ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து, நம் பக்கத்து உருக்கை ஆராய்ந்து 1820-இல் கட்டுரை எழுதினார். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். பூக்கடைக் கத்திக்கு வரி தேவையில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவ்வளவையும் ஒரே செய்தியில் அவருக்கு எழுதிவிடுங்கள்: ஏஇபி-எல் அலகு, அதே எஃகில் ஸ்பிரிங், 7 செ.மீ. நீளம், விளிம்புக்கு மேலே கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் கனம், மெருகில்லாத மைக்கார்ட்டா, பாதியில் ஒரு நிறுத்தம், நகம் உடையாத அளவுக்கு மட்டும் ஸ்பிரிங் இறுக்கம். அவர் கார்பன் எஃகு மட்டும்தான் செய்வேன் என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவருக்குப் பழகிய எஃகு அது; வேறொருவரைத் தேடுங்கள், இரண்டு வருடம் பொறுத்தவருக்கு இன்னும் இரண்டு மாதம் பெரிதில்லை. சரி என்றால், வெள்ளைத் தாளில் உள்ளங்கையை வைத்துப் பென்சிலால் கோடிழுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பிடியின் நீளத்தை அவர் அதிலிருந்து பார்த்துக்கொள்வார்.