உங்கள் வீட்டில் ராணுவத்தில் இருந்தவர் யார்? அவரை எதற்காக நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

என் அப்பா. 1963-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 1980-இல் ஹவில்தாராக வெளியே வந்தார். 2023-இல், 79 வயதில் காலமானார். 'எதற்காக' என்று கேட்டிருக்கிறீர்கள். போர்க்கதை எதிர்பார்த்தால் அதுவும் இருக்கிறது. ஆனால் என் பதில் ஒரு பச்சை நிற ஃபைல். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம், அந்தக் காலத்து வட ஆற்காடு மாவட்டம். இங்கே பட்டாளத்துக்குப் போவது அதிசயமே இல்லை. கம்மவான்பேட்டை என்ற ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பட்டப்பெயர் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தைப் பெரிதாக்கினார்கள், ஆளெடுப்பு மும்முரமாக நடந்தது. அப்பா அந்தச் சமயத்தில் போனவர். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் தேசபக்தி என்பார். வீட்டில் கேட்டால், "மானாவாரி நிலம் ரெண்டு ஏக்கர், அண்ணன் தம்பி நாலு பேரு, வேற இன்னா பண்றது?" என்பார். இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன்.

அவர் இருந்தது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு, பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி அதன் சென்டர் இருக்கிறது. பாலம் போடுவது, பாதை போடுவது, தண்ணீருக்கு ஏற்பாடு செய்வது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. சினிமாவில் இவர்களைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். டாங்கி பாய்ந்து போவதைக் காட்டுவார்கள், அதற்கு வழி போட்டுக் கொடுத்தவன் ஃபிரேமுக்கு வெளியே இருப்பான்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், அப்பா எல்லையை ஒட்டிய ஷகர்கர் பகுதியில் இருந்தார், 9 இன்ஜினியர் ரெஜிமென்டில். எதிர்ப்பக்கம் வெகுதூரத்துக்குக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். அதே ரெஜிமென்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அவற்றை எடுக்கும் வேலையில் இருந்தபோதுதான் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றைத் தாண்ட வேண்டும். காலாட்படை அக்கரைக்குப் போய்விட்டது. டாங்கிகள் போக வேண்டுமென்றால் வெடிகளை எடுத்துப் பாதை திறக்க வேண்டும். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, அதற்குள் அக்கரையில் எதிரி டாங்கிகள் நடமாட்டம் தெரிகிறது, உடனே வாருங்கள் என்று அழைப்பு. பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையினர் மிச்சமிருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே புகுந்து போனார்கள். மறுநாள் டாங்கிச் சண்டையில் உயிரிழந்த 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும்.

அப்பா இந்தக் கதையை முழுதாக ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால் ஒரே வரி: "நாங்க பாதிதான் எடுத்திருந்தோம், அதுக்குள்ள டாங்கி வந்துச்சி." இத்தனை வருடம் கழித்தும், முடிக்காத வேலையைப் பற்றிய சங்கடம்தான் அந்தக் குரலில் இருக்கும். பதக்கங்களைப் பற்றிக் கேட்டால் இன்னும் மோசம். பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்குக் கொடுத்தது என்று சில உண்டு. "அங்க நின்னவன் எல்லாருக்கும் குடுத்ததுதான்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். அம்மாவைக் கல்யாணம் செய்தது 1969-இல். அதிலிருந்து 1980 வரை, வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வந்த மனிதர் அவர். காட்பாடியில் ரயிலேறி, மெட்ராஸ் போய், ஜி.டி. எக்ஸ்பிரஸில் டெல்லி, அதற்கு மேல் எங்கே என்பது அம்மாவுக்குத் தெரியாது. கடிதத்தில் எண்ணும் பெயரும் ரெஜிமென்டும் போட்டு, அதற்குக் கீழே '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலைய எண் இருக்கும், ஊர் பெயர் இருக்காது. நாகாலாந்தா பஞ்சாபா என்று தெரியாமலே அம்மா பதில் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் பக்கத்து வீட்டு அக்காவைச் சொல்லி எழுத வைத்து. 71-இல் போர் நின்றதை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடமிருந்து கடிதம் வர மேலும் பல வாரமானது. நான் கைக்குழந்தை. அந்த வாரங்களைப் பற்றி அம்மா பேசியதே இல்லை, பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதங்களில் பாசமாக ஒரு வரி தேடினால் கிடைக்காது. மணியார்டர் வந்ததா, எவ்வளவு வந்தது, யார் யாருக்குக் கொடுத்தாய். கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம். பிள்ளைக்கு அம்மை குத்தியாயிற்றா. அடுத்த மணியார்டர் தாமதமானால் இன்னாரிடம் கேள், அவருக்கும் எழுதியிருக்கிறேன். எல்லாக் கடிதமும் இந்த மாதிரிதான். சின்ன வயதில் படித்தபோது எனக்குச் சப்பென்று இருந்தது. இப்போது படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. தான் வீட்டில் இருக்கப்போவதில்லை என்பதை வைத்துக்கொண்டே யோசிக்கிற ஆள் அவர். தன்னுடைய இடம் காலியாக இருக்கும்போது வீடு எப்படி நடக்கும் என்பதுதான் அவர் எப்போதும் போட்ட கணக்கு. அன்பு என்று அவர் வைத்திருந்தது இந்தக் கணக்கைத்தான்.

36 வயதில் பென்ஷனோடு திரும்பி வந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. தம்பி அவரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அதட்டி இழுத்து உட்கார வைக்கிற ரகம் இல்லை அப்பா. சப்பாத்தி போட்டார். அரிசிச் சோறும் களியும் தின்ற வீட்டில் சப்பாத்தியும் பருப்பும் பெரிய விஷயம். தம்பி மூன்றாம் நாள் கதவுக்கு முன்னால் வந்துவிட்டான். அம்மா நாற்று நடப் போகும் நாட்களில் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். கயிறு முறுக்கிப் பழகிய கை; சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது, நெற்றித் தோலும் இழுத்துக்கொண்டே நிற்கும். டீச்சர் ஒருமுறை என்னை நிறுத்தி, யார் பின்னியது என்று கேட்டார்.

அப்புறம் ரம் விஷயம். முன்னாள் ராணுவத்தினர் வீட்டு மாப்பிள்ளைகளுக்கும் மச்சான்களுக்கும் சொல்லாமலே புரியும். அப்பா குடிக்கமாட்டார். ராணுவ கேன்டீனில் கிடைக்கும் ரம் கோட்டாவை வாங்கியாவது கொடுக்கலாமே என்று தாய்மாமன் வருடக் கணக்கில் கேட்டுப் பார்த்தார். சோப்பு, டீத்தூள், பிரஷர் குக்கர் எல்லாம் வரும், பாட்டில் மட்டும் வராது. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் வீம்பும் இருந்தது என்பேன். மாமாவுக்குக் கடைசி வரை மனத்தாங்கல்தான்.

பிறகு ஒரு வங்கியில் காவலாளி வேலை, அறுபது வயது வரை. சொந்தக் கையாலேயே வீட்டுக்கு இரண்டு அறை எடுத்துக் கட்டினார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது 77 வயதில் பிடிவாதமாகப் பார்க்கப் போனார். ஊரே தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தது. இவர் கரைக்குக் கரை அகலத்தைக் கண்ணால் அளந்து, எந்த மாதிரிப் பாலம் தாங்கும் என்று தம்பியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பச்சை ஃபைல். அவர் போன பிறகு அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. மேலே முழுத்தாளில் அவர் கையெழுத்து: 'எனக்குப் பிறகு செய்ய வேண்டியவை'. முதல் வரி, 'முதல் வாரம் எதுவும் செய்ய வேண்டாம்'. அடுத்து, இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கு. பிறகு யாருக்கு போன் செய்வது, எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளை எடுத்துப்போவது என்று வரிசையாக. ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, அம்மாவோடு சேர்ந்து எடுத்த போட்டோ, கூட்டுக் கணக்கு பாஸ்புக், ஆதார் நகல்கள் எல்லாம் அதே வரிசையில் கோத்திருந்தது.

இதன் அருமை ராணுவக் குடும்பங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பதிவேட்டில் மனைவி பெயரை யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஆதாரில் ஒரு பெயர், பி.பி.ஓ.வில் ஒரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. அவர் உயிரோடு இருக்கும்வரை பென்ஷன் வந்துகொண்டிருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். அவர் போன மறுமாதம், நீதான் அவர் மனைவியா என்று நிரூபிக்க அந்த அம்மாள் அலைய வேண்டும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் மூன்று வருடம் அலைந்தார். குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான், அதற்கு இந்தப் பாடு.

எங்கள் அம்மா பெயரிலும் ஓர் எழுத்துப் பிசகு, வயதில் நான்கு வருட வித்தியாசம். அப்பா 75 வயதுக்கு மேல் இதைக் கையில் எடுத்தார். நோட்டரியிடம் அஃபிடவிட், பேப்பரில் விளம்பரம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பெங்களூரில் இருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மனு, திரும்பி வந்த மனுவுக்கு மறு மனு. நடுவில் கொரோனா வேறு. எங்களிடம் சொல்லவே இல்லை. பெங்களூருக்கு எதற்குப் போகிறீர்கள் என்றால் பழைய சிநேகிதரைப் பார்க்க என்பார். திருத்தம் ஏறிய ஆர்டர் நகல் ஃபைலில் இருந்தது, பின்பக்கம் தேதியும் போட்டு.

அம்மாவுக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் பென்ஷன் மாறியது. உங்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் இந்த வாரமே டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து அம்மா பெயரையும் பிறந்த தேதியையும் ஆதாரோடு ஒத்துப் பாருங்கள்.

பதக்கங்களைத் தம்பி கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். அம்மா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டிஸ்சார்ஜ் புக்கைத்தான் லேமினேட் செய்து தரச் சொன்னார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துப் பெரியவர் பதறிப்போய்த் தடுத்துவிட்டார்: "வேணாம்மா, அதுல இன்னும் ஏதாவது எழுத வேண்டி வரும்."