ஒகேனக்கல் சாலையில் எட்டு அறைகள்: விளம்பரத்துக்கு முன் யாரிடம், என்ன கேட்பது?

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில் எட்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். சனி, ஞாயிறுகளில் அறை இல்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறோம். திங்கள் முதல் வியாழன் வரை இரண்டு அறைகள் நிரம்பினாலே பெரிது. ஆற்றில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை வந்துவிட்டால் அதுவும் இல்லை. சமூக வலைதளங்களில் வீடியோ விளம்பரம் போட நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கலாம் என்கிறான் மகன். முதலில் கூகுள் படிவம் ஒன்றை அனுப்பிச் சுற்றுலாப் பயணிகளின் விருப்பத்தைக் கேளுங்கள் என்கிறார் நண்பர். எதை முதலில் செய்வது? கேட்பதென்றால் எத்தனை பேரிடம் கேட்பது?

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் வரிசை சரி, முறைதான் சரியில்லை. விளம்பரத்துக்கு முன்பாக வருகிறவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "வார நாளில் எங்கள் விடுதியில் தங்க விரும்புவீர்களா?" என்று படிவத்தில் கேட்டு, வந்த பதிலை நம்பிப் பணத்தை இறக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல இதற்குக் காரணம். அடுத்த மாதம் நாம் என்ன செய்வோம் என்பது நமக்கே சரியாகத் தெரியாது. கேட்டவர் மனம் கோணக்கூடாது என்று "வரலாமே" என்று சொல்லி வைக்கிறோம்.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்று உங்கள் தொழிலிலிருந்தே கிடைக்கிறது. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், சீனர்கள் மீதான வெறுப்பு அந்நாட்டில் வெளிப்படையாக இருந்த 1930களின் தொடக்கத்தில், இளம் சீனத் தம்பதியுடன் காரில் நெடுந்தூரம் பயணம் செய்தார். மூவரும் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அந்த இடங்களுக்கே கடிதம் எழுதி, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான அந்த ஆய்வில் குறைகள் உண்டு. வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒருவரே என்று சொல்ல முடியாது. ஆயினும் தாளில் எழுதிக் கொடுக்கும் பதிலும் வாசலில் நடப்பதும் வேறு வேறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை, நுகர்வோர் நடத்தையை ஆராய்பவர்கள் இன்றுவரை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே விருப்பத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். அறைச் சாவியைக் கொடுக்கும்போது வேண்டாம். பயணக் களைப்பில் இருப்பார்கள். மறுநாள் காலை டீ கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் நல்ல நேரம். "ஒகேனக்கல் போகலாம் என்று வீட்டில் முதலில் சொன்னது யார்?" "என்றைக்குச் சொன்னார்கள்?" "தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று எங்கே பார்த்தீர்கள்?" "வேறு எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டீர்கள்?" "இங்கிருந்து நேராக வீட்டுக்கா?" இந்த ஐந்தும் போதும், பதில்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் கேள்விக்குப் "பாட்டி" என்றும் இரண்டாவதற்கு "நேற்று ராத்திரி" என்றும் பதில் வந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த வீட்டுப் பையனின் கைபேசியில் ஓடிய வீடியோவால் உங்களுக்குப் பயன் குறைவு. நான்காவது கேள்வி உங்கள் உண்மையான போட்டியாளரைக் காட்டித் தரும். அது பக்கத்து விடுதியாக இருக்க வேண்டியதில்லை. சேலத்துக்காரருக்கு ஏற்காடாகவும், பெங்களூருக்காரருக்கு இதே காவிரி விழும் சிவனசமுத்திரமாகவும் இருக்கலாம்.

கட்டம் போட்டு, டிக் செய்யச் சொல்லும் வினாத்தாளை நான் ஏன் இவ்வளவு தயங்கிப் பார்க்கிறேன் என்பதற்கு என் அனுபவமே காரணம். முதன்முதலில் ஒகேனக்கல்லில் வினாத்தாளுடன் நின்றபோது, "வந்ததன் நோக்கம்" என்ற கேள்விக்குக் கீழே இயற்கை அழகு, ஓய்வு, ஆன்மிகம், சாகசம் என்று நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். பரிசல் துறைக்குப் போகும் வழியில், ஒரு கையில் எண்ணெய்ப் புட்டியும் மறு கையில் பேரனுமாக நின்ற பெரியவர் ஒருவர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சம்பந்தி வூட்டுக்காரங்க வந்திருக்காங்க சார், எங்கனா கூட்டினு போவணும் இல்லீங்களா" என்றார். என் நான்கு கட்டங்களில் ஒன்றிலும் அவர் அடங்கவில்லை. அன்று முழுவதும் கேட்ட பதில்களைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

சுற்றுலா ஆய்வில் இதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. கிரஹாம் டான் 1977இலும் ஜான் கிராம்ப்டன் 1979இலும் எழுதிய கட்டுரைகள், பயணியை வீட்டிலிருந்து கிளப்பும் தள்ளுவிசையையும், குறிப்பிட்ட ஊரை நோக்கி அவரைக் கொண்டுவரும் இழுவிசையையும் பிரித்துப் பார்த்தன. கிராம்ப்டன் கண்டறிந்த காரணங்களில் அன்றாடச் சலிப்பிலிருந்து தப்பிப்பதும் ஓய்வும் இருந்தன. உறவைப் பலப்படுத்துவதும் இருந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கு அருவி ஒரு களம் மட்டுமே. காரியம் சம்பந்தி வீட்டார் மனம் குளிர்வது. அந்தப் பெரியவருக்குத் தேவை அருவியின் அழகைக் காட்டும் வீடியோ அல்ல, ஏனென்றால் அருவி அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அடுத்தடுத்த இரண்டு அறைகள், முழங்கால் வலிக்காரர் உட்காரக்கூடிய கழிப்பறை, பத்துப் பேருக்கு மீன் குழம்பு சமைத்துத் தரக்கூடிய ஓர் அம்மாவின் கைபேசி எண் ஆகியவைதான் தேவை. உங்களிடம் அவை இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடம் இன்ஸ்டாகிராம் அல்ல, தருமபுரியிலும் பென்னாகரத்திலும் உள்ள கல்யாண மண்டபங்கள். முகூர்த்த நாள்கள் பஞ்சாங்கப்படி அமைகின்றன, சனி ஞாயிறு பார்த்து வருவதில்லை. புதன்கிழமை முகூர்த்தத்துக்கு வெளியூரிலிருந்து வந்த உறவினர், வியாழக்கிழமை ஊர் திரும்பும் முன் எங்கே போவது என்று யோசிக்கும் நேரம்தான் உங்கள் வார நாள் சந்தை.

எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். 100 பேரிடம் கேட்டுக் கிடைக்கும் விழுக்காடு ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். அதை 5 புள்ளிகளாகக் குறைக்க ஏறத்தாழ 385 பேர் வேண்டும். இது யாரையும் விட்டுவிடாமல் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. மகனின் நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் போன படிவத்தை ஆயிரம் பேர் நிரப்பினாலும், அது அந்த நண்பர் வட்டத்தின் கருத்துதான். மேலும் உங்களுக்கு இப்போது வேண்டியது விழுக்காடு அல்ல, என்னென்ன காரணங்களால் வருகிறார்கள் என்பது. கிராம்ப்டனின் அந்தக் கட்டுரை 39 பேருடன் நிதானமாகப் பேசியதன் அடிப்படையில் எழுந்தது. நீங்களும் முப்பது, நாற்பது குடும்பங்களிடம், எல்லாக் கிழமைகளிலும் பரவலாக, பொறுமையாகப் பேசினால் போதுமானது. புதிய காரணம் எதுவும் வராமல் பழைய பதில்களே திரும்பத் திரும்ப வரும்போது நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்காமலே தெரிந்துகொள்ளக் கூடியதும் நிறைய உண்டு, அதை நம் ஊரில் வீணாக விடுகிறோம். சமூக ஆய்வாளர் யூஜின் வெப்பும் அவருடைய சகாக்களும் 1966இல் எழுதிய நூலில் சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றைப் பற்றிய குறிப்பு வருகிறது. முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வெளிவருவதைக் காட்டும் காட்சிப் பெட்டியைச் சுற்றியிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். மற்ற இடங்களில் ஓடுகள் ஆண்டுக்கணக்கில் தாங்கின. எந்தக் காட்சி மக்களுக்குப் பிடித்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அந்தத் தரை ஓடு, வாகன நிறுத்தம். பதிவெண் டிஎன் 29 என்றால் தருமபுரி, 24 என்றால் கிருஷ்ணகிரி, 70 என்றால் ஓசூர், கேஏ என்றால் கர்நாடகம். தங்கும் பதிவேட்டில் பெயர், முகவரி, ஆட்கள் எண்ணிக்கை, வண்டி எண் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கடந்த ஓராண்டுப் பக்கங்களைப் புரட்டி, எந்தக் கிழமையில் எந்த எண் வந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து எண்ணினாலே, பெங்களூர் வண்டிகள் சனிக்கிழமையோடு நிற்கின்றனவா, ஓசூர் வண்டிகள் மற்ற நாள்களிலும் வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு வார விடுப்பு எப்போதும் ஞாயிறாகவே இருப்பதில்லை. சலூன் நடத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் செவ்வாய். (பதிவேட்டில் உள்ள கைபேசி எண்களுக்கு விளம்பரச் செய்தி அனுப்ப வேண்டாம். அடையாளத்துக்காகப் பெற்ற எண்ணை, அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது முறையல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே அடிப்படையாகக் கொள்கிறது.)

இன்னொரு நோட்டு புதிதாகப் போடுங்கள். தொலைபேசியில் விசாரித்துவிட்டு வராமல் போனவர்களுக்கான நோட்டு அது. தங்கியவர்களை மட்டும் கேட்டால், தங்கியதற்கான காரணம்தான் கிடைக்கும். உங்கள் காலி அறைகளுக்கான காரணம் வராதவர்களிடம் இருக்கிறது. அழைத்த நாள், எந்த நாளுக்குக் கேட்டார்கள், கடைசியாக என்ன கேட்டுவிட்டு வைத்தார்கள் என்ற மூன்றே பத்திகள் போதும். கடைசிக் கேள்வி "குளிக்க விடுகிறார்களா?" என்பதாகத்தான் பல நாள்களில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒகேனக்கல்லின் சந்தைப்படுத்தல் முழுவதும் அதில்தான் சிக்கியிருக்கிறது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து, பெரும்பாலும் கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கப்படும் தண்ணீரைப் பொறுத்தது. 2024 கோடையில் விநாடிக்குச் சில நூறு கன அடியாகச் சுருங்கிப் பாறைகள் தெரிந்த அதே ஆற்றில், ஜூலை இறுதியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. தண்ணீர் குறைந்தால் அருவியில் அழகு இல்லை, கூடினால் பரிசலும் குளியலும் இல்லை. வாங்குபவர் ஒவ்வொரு முடிவிலும் இழப்புக்கான வாய்ப்பை எடைபோடுகிறார் என்று நுகர்வோர் நடத்தையை ஆராய்ந்த ரேமண்ட் பாவர் 1960இல் எழுதினார். மூன்று நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிவரும் குடும்பத்துக்கு அந்த இழப்பு என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடை வந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், அல்லது ஆறு மாதத்துக்குள் வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம் என்ற ஒரு வரி, எந்த வீடியோவையும்விட வலுவாக வேலை செய்யும் என்பது என் கணிப்பு. தினமும் காலை ஆறரை மணிக்கு ஆற்றின் அன்றைய படம் ஒன்றை, கன அடி அளவுடன், கூகுள் வரைபடத்தில் உள்ள உங்கள் விடுதிப் பக்கத்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுங்கள். வெள்ளம் என்றால் வெள்ளம் என்றே போடுங்கள். எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான தூரம்தான் திருப்தியைத் தீர்மானிக்கிறது என்பது நுகர்வோர் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் முன்வைத்த கோட்பாடு. ஆடிமாத நுங்கும் நுரையுமான படத்தைப் பார்த்துவிட்டு மார்ச் மாதத்தில் வருகிறவர், அறை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மனக்குறையோடுதான் போவார், அந்தக் குறையை உங்கள் விடுதியின் பெயருக்குக் கீழேதான் எழுதுவார்.

வந்தவர்களில் பலர் தங்காமல் திரும்புவதற்கு விலை மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள்: ஈரத் துணியைப் பிழிந்து வேனின் பின்கதவில் தொங்கவிடுகிறார்கள், மிச்ச வறுத்த மீனைக் காகிதத்தில் மடிக்கிறார்கள், குழந்தைகள் எண்ணெய் போகாத தலையோடு சீட்டில் தூங்கிவிடுகிறார்கள். பரிசல் நின்றுவிட்டது, இரவில் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. தங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறதென்றால் அது மறுநாள் விடியற்காலைதான்; பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிளம்பிய வண்டிகள் வந்து சேரும் முன்பு, கூட்டமில்லாத துறையும் வரிசையில்லாத பரிசலும் தங்கியவருக்கே கிடைக்கும். விளம்பரம் என்று ஒன்று செய்வதானால் அருவியை விற்காதீர்கள், அதை அரசும் ஊடகங்களும் செய்கின்றன. நீங்கள் அந்தக் காலைப் பொழுதை விற்க வேண்டும்.

நாற்பதாயிரத்தில் இப்போதைக்கு ஐயாயிரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். அதில் மண்டபங்களுக்கான அட்டைகளை அச்சடித்து, ஒரு நல்ல காலைப் படம் எடுத்து, இரண்டு நோட்டுகளும் வாங்குங்கள். மீதியை, கர்நாடகப் பள்ளிகளுக்குத் தசரா விடுமுறை விடும் வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க் குடும்பங்களுக்குத் திங்களும் செவ்வாயும்கூட ஓய்வாக இருக்கும் காலம் அது. நோட்டை ஆவணி முதல் வாரத்தில் தொடங்கினால், அந்த விடுமுறைக்கு முன்பாக ஐந்தாறு வாரக் குறிப்பாவது உங்கள் கையில் இருக்கும். வீடியோவில் எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதை மகன் அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.