சாங்ஷன்: கொடுப்பதா, தடுப்பதா?

கேள்வி: குன்னூரில் உள்ள தேயிலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் என் மகள் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறாள். நிறுவனத்துக்கு வங்கிக் கடன் கிடைத்ததை ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவருக்குத் தெரிவிக்கும்போது, ‘அவர் கம்பெனி ஹேஸ் பீன் சாங்ஷன்டு பை த பேங்க்’ என்று எழுதிவிட்டாள். சரக்கு அனுப்புவதை நிறுத்தி வைக்கும்படி உடனே பதில் வந்தது. லோன் சாங்ஷன் ஆவது நல்ல செய்திதானே, அதற்கு ஏன் இந்தப் பதற்றம்?
— வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் தேர்ந்தெடுத்த வினைச்சொல்லில் பிழையில்லை; அதற்கு அவர் கொடுத்த செயப்படுபொருள்தான் வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறது. ‘சாங்ஷன்’ என்னும் வினைக்கு, அதிகாரம் உள்ளவர் ஒன்றுக்கு ஒப்புதல் அளிப்பது என்றும், விதியை மீறியவர்மீது தண்டனையாகத் தடை விதிப்பது என்றும் ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு பொருள்கள் உண்டு. கடன், திட்டம், செலவு, விடுப்பு போன்றவை செயப்படுபொருளாக வந்தால் பெரும்பாலும் முதற்பொருள். ஒரு நாடோ நிறுவனமோ தனி மனிதரோ அந்த இடத்தில் வந்து நின்றால் இரண்டாம் பொருள். ஆகவே, கடனைச் சாங்ஷன் செய்தார்கள் என்றால் பணம் வரப்போகிறது. கம்பெனியைச் சாங்ஷன் செய்தார்கள் என்றால் அதனுடன் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று யாரோ தடை போட்டிருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் இரண்டாவதாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். தடைப் பட்டியலில் உள்ள நிறுவனத்துக்குப் பணம் அனுப்பினால் தாமும் சிக்கிக்கொள்ள நேரும் என்ற அச்சம் அந்நிய வணிகர்களுக்கு எப்போதும் உண்டு.

ஒரே சொல்லுக்கு இந்த இரட்டை முகம் எப்படி வந்தது என்பதற்கு விடை ரோமானியச் சட்டத்தில் இருக்கிறது. புனிதமாக்குதல், மீற முடியாததாக நிலைநிறுத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த ‘சாங்க்டியோ’, சட்டத்தை மீறுவோருக்கு என்ன தண்டனை என்று கூறும் பகுதிக்குப் பெயராக வழங்கியது. சட்டத்துக்கு வலுவூட்டுவதும் மீறியவரைத் தண்டிப்பதும் அங்கே ஒரே வாசகத்தின் இரண்டு வேலைகள். ஆங்கிலத்தில் இது முதலில் பெயர்ச்சொல்லாகவே நுழைந்தது. 18ஆம் நூற்றாண்டில் வினையானபோது உறுதிப்படுத்துதல், ஒப்புதல் அளித்தல் என்னும் பொருளே இருந்தது. தண்டித்தல் என்னும் பொருள் வினைக்கு ஏறியது 20ஆம் நூற்றாண்டில்தான். எத்தியோப்பியாமீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935இல் நாடுகளின் சங்கம் (ஐ.நா.வுக்கு முன்னிருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ்) எடுத்த நடவடிக்கை, 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் இந்தியாமீது அமெரிக்கா விதித்த பொருளாதாரத் தடை ஆகியவற்றால் ‘சாங்ஷன்ஸ்’ என்ற பன்மை வடிவம் செய்தித்தாள்களில் நிலைபெற்றது. பெயர்ச்சொல் பன்மையில் வந்தால் அநேகமாகத் தடைதான் என்று கொள்ளலாம். ஈரானுக்குத் தேயிலை விற்றவர்களைக் கேட்டால் இந்தப் பன்மையின் வலி தெரியும். தேயிலைக்கு நேரடித் தடை இல்லாவிட்டாலும், வங்கி வழியே பணம் வந்து சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நம் நாட்டு அலுவலக ஆங்கிலம் பழைய பொருளையே இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊட்டியில் ஒரு சாலைப் பணி தொடங்க வேண்டுமானால் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று இரண்டு சாங்ஷன் வேண்டும். நீலகிரியில் வீடு கட்டுகிறவர் வரைபடம் சாங்ஷன் ஆகுமா என்று கவலைப்படுகிறாரே தவிர, யாரும் அதைத் தண்டனையாக நினைப்பதில்லை. வெளிநாட்டினருக்கோ இன்று செய்திகளில் அதிகம் கண்ணில் படுவது தடைப் பொருளே. எனவே அவர்களுக்கு எழுதும்போது ‘த பேங்க் ஹேஸ் அப்ரூவ்டு அவர் லோன்’ என்பதே பாதுகாப்பானது. ‘சாங்ஷன்’தான் வேண்டும் என்றால், கடன் என்னும் சொல்லை அதன் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று: சாங்ஷன் ஆன கடன் இன்னும் கைக்கு வராத கடன். அதைக் கணக்கில் வரவு வைப்பதற்கு ‘டிஸ்பர்ஸ்’ என்று வேறு வினை இருக்கிறது. இரண்டையும் ஒன்றென நம்பிக் கவ்வாத்துக் கூலிக்கு (தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் கூலி) நாள் குறித்துவிட்டு விழிப்பவர்கள் நம் மலையில் உண்டு.

கேள்வி: லஞ்ச வழக்கில் சிக்கிய அதிகாரி விஷயத்தில் ‘ப்ராசிக்யூஷன் சாங்ஷன்டு’ என்று ஆங்கில நாளிதழில் படித்தேன். இதில் சாங்ஷன் என்பது தண்டனையா, அனுமதியா?
— ஓய்வுபெற்ற எழுத்தர், உதகை

பதில்: அனுமதிதான். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பொது ஊழியர்மீதான குற்றச்சாட்டை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்வதற்கு முன், அவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் உள்ளவரின் முன் அனுமதி வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவில் இருந்த இதே போன்ற ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 218ஆம் பிரிவாக இருக்கிறது. இங்கே சாங்ஷன் செய்யப்படுவது வழக்குத் தொடர்வது என்னும் செயல், அதிகாரி அல்ல. அதே நாளிதழ் ‘ஆஃபிசர் சாங்ஷன்டு’ என்று தலைப்பிட்டிருந்தால், அவருக்கு ஏற்கெனவே தண்டனை கிடைத்துவிட்டது என்றாகியிருக்கும்.