பதில்: ஹெரால்டு காரின் பாடியை சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஏற்றியபின் கதவு மேலே உரசுகிறது

கீலைத் தொடாதீங்க. கதவின் பின்விளிம்பு மேலே தூணில் உரசி, கீழே ஒரு விரல் போகிற அளவு இடைவெளி இருக்குன்னா, பாடி நடுவில் தொய்ந்திருக்கு. கதவுக்குக் கீழே இருக்கிற மவுண்ட்களில் (பாடி சேசிஸோட போல்ட்டில் சேர்கிற இடங்களில்) பேக்கிங், அதாவது இடையில் வைக்கிற ரப்பர் துண்டு, ஏற்றணும்.

பழைய பேக்கிங் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருந்திருக்காது. கழற்றும்போது அதைக் கலந்து போட்டிருப்பாங்க, இல்ல புதுசா ஒரே அளவில் வெட்டிப் போட்டிருப்பாங்க. பெரும்பாலும் இதுதான் காரணம்.

1. வண்டியைச் சமதளத்தில் நாலு சக்கரத்திலும் நிறுத்துங்க. இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளே இருக்கணும். வெறும் சேசிஸில் பார்த்த இடைவெளி, பாரம் ஏறினதும் மாறிடும்.

2. பாடி போல்ட் எல்லாத்தையும் தளர்த்துங்க. இரண்டு கதவு மாடலில் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி; அவற்றை இணைக்கிற போல்ட்டையும் விடாதீங்க. அதை இறுக்கியே வச்சுக்கிட்டு பேக்கிங்கோட மல்லுக்கட்டுறவங்கதான் அதிகம்.

3. ஒரு மில்லிமீட்டர் ஏற்றி, லேசா இறுக்கி, கதவைச் சாத்திப் பாருங்க. சரியானபின் முழுசா இறுக்கலாம். பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேன்வாஸ் வச்ச ரப்பர் ஷீட் கேட்டு வாங்கி வெட்டிக்கலாம்.

ஒண்ணு மட்டும்: ஹெரால்டில் சேசிஸின் பக்கக் கைகள் (பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கற பாகங்கள்) துருவில் போயிருந்தா எவ்வளவு பேக்கிங் வச்சாலும் திரும்ப இறங்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே.