கேமரா கேள்வி-பதில்: எந்த மானிட்டர் வாங்கலாம்?

கே: அண்ணே, சோனி இசட்வி-இ10 வெச்சு கல்யாண வீடியோ எடுக்கறேன். அவுட்டோர்ல பொண்ணு மாப்பிள்ளைய எடுக்கும்போது வெயில்ல ஸ்கிரீன் ஒண்ணுமே தெரியல, ஃபோகஸ் விழுந்துச்சான்னு வீட்டுக்கு வந்துதான் பாக்கறேன். 7 இன்ச் 4கே மானிட்டர் இருக்கு, எடுத்துக்கோங்கன்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

ப: தம்பி, முதல்ல அந்த 4கே-ங்கற வார்த்தைய விட்டுருங்க. இந்த விலையில வர்ற மானிட்டர்ல 4கேன்னா கேமராவுல இருந்து வர்ற 4கே சிக்னல ஏத்துக்கும்னு அர்த்தம், பேனல் பெரும்பாலும் 1920×1080 தான், 5 இன்ச் 7 இன்ச்சுக்கு அதுவே தாராளம்.

நீங்க கேக்க வேண்டியது எத்தன நிட்ஸ்னு, அதாவது ஸ்கிரீன் எவ்வளவு பிரகாசம்ங்கற அளவு. 400, 500 நிட்ஸ் மண்டபத்துக்குள்ள நல்லா இருக்கும், வெயில்ல கருப்புக் கண்ணாடி மாதிரி உங்க மூஞ்சிதான் தெரியும். வெளிய எடுக்கறவருக்கு 1000-க்குக் கீழ வேண்டாம், 2000 பக்கம் கிடைச்சா வெயில் மறைக்கற ஹூடே இல்லாம சமாளிக்கலாம். ஆனா வெளிச்சம் கூடக்கூட பேட்டரி குடிக்கும். 15 வாட் இழுக்கற மானிட்டர்னா என்பி-எஃப்970-ங்கற பெரிய பேட்டரி ஒண்ணு மூணு மணி நேரம் தாங்கும், சின்ன என்பி-எஃப்550 போட்டா ஒரு மணி நேரம்தான், தாலி கட்டுற நேரத்துல அணைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க? அதனால பேட்டரிக்கும் சேத்துதான் பட்ஜெட் போடணும்.

அடுத்தது, ஃபோகஸ் விழுந்த ஓரத்த கலர்ல காட்டற பீக்கிங் பெரும்பாலும் எல்லாத்துலயும் இருக்கும், படத்தோட வெளிச்ச அளவ கிராஃப்ல காட்டற வேவ்ஃபார்மும் அதையே கலர் கலரா காட்டற ஃபால்ஸ் கலரும் இருக்கான்னு பாருங்க, எனக்கு சைஸ விட இதுதான் முக்கியம். ஏன்னா வெயில்ல பிரைட்னஸ ஏத்தி வெச்சுட்டு கண்ணால எக்ஸ்போஷர் முடிவு பண்ணினா படம் இருட்டா வர வாய்ப்பு அதிகம், ஸ்கிரீன் பளிச்சுனு இருக்கறதால நீங்களே குறைச்சிருப்பீங்க. வேவ்ஃபார்ம் அப்படி ஏமாத்தாது. எஸ்-லாக்3-ல (எடிட்ல கலர் சரி பண்றதுக்காக வெளுத்தாப்ல பதியற சோனி செட்டிங்) எடுக்கறீங்கன்னா வேவ்ஃபார்ம்ல நடு சாம்பல் (18% கிரே) 41%-லயும் 90% வெள்ளை 61% பக்கமும் நிக்கணும், மாப்பிள்ளையோட பட்டு வேட்டி அந்தக் கோட்டுல எங்க இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா அப்புறம் பயமே இல்ல. உங்க கேமரா 8-பிட், அதாவது கலர் படிகள் கம்மி, ரொம்ப இருட்டா எடுத்து எடிட்ல தூக்கினா நாய்ஸ் கொட்டும், அதனால கொஞ்சம் மேலயே வெச்சு எடுங்க. லட் (லாக் படத்த சரியான கலர்ல காட்டற செட்டிங்) போட்டுப் பாக்கற வசதி இருந்தா நல்லது, வெளுத்துப் போன லாக் படத்தப் பாத்து பொண்ணு வீட்டுக்காரங்க பதற மாட்டாங்க. மானிட்டர்ல போடற லட் உங்க கார்டுல பதியாது, அதனால தைரியமா போடுங்க.

சைஸ்? கிம்பல்ல (கேமரா ஆடாம பிடிக்கற மோட்டார் வெச்ச கைப்பிடி) ஓடறீங்கன்னா 5 இன்ச், அதையும் கேமரா தலையில மாட்டாம கிம்பல் கைப்பிடியில மாட்டுங்க, மோட்டார் மேல பாரம் ஏறாது. டிரைபாட்ல நின்னு எடுக்கறீங்கன்னா 7.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, உங்க கேமராவுல இருக்கறது மைக்ரோ எச்டிஎம்ஐ. ரொம்ப நோஞ்சான் போர்ட் அது, தடியான கேபிள் தொங்கி இழுத்தா ஆடிப்போய் படம் விட்டு விட்டு வரும். மெல்லிசான சின்ன கேபிளா வாங்கி, கேமராவச் சுத்தி மாட்டற கேஜ் போட்டு கேபிள கிளாம்ப்ல இறுக்கிருங்க.

கடைக்கு கேமராவோட போங்க. மானிட்டர மாட்டி வாசல் வெயில்ல கொண்டு வந்து பாருங்க, லென்ஸ் முன்னாடி கைய வேகமா ஆட்டி எவ்வளவு லேட்டா தெரியுதுன்னு பாருங்க. விடமாட்டேன்னு சொல்ற கடைய விட்டு வேற கடை பாருங்க தம்பி.

கே: மானிட்டர்லயே ரெக்கார்டும் ஆகுமா சார்?
- வாசகி, கோவை

ப: சாதா மானிட்டர்ல ஆகாதும்மா. அட்டாமோஸ் நிஞ்சா வி மாதிரி ரெக்கார்டர் சேந்து வர்றதுதான் எஸ்எஸ்டி டிரைவ்ல, எடிட்டுக்கு ஏத்த புரோரெஸ் ஃபார்மட்ல பதியும். ஆனா கேமரா எச்டிஎம்ஐ-ல 8-பிட் அனுப்பினா ரெக்கார்டர் அத 10-பிட்டா மாத்தித் தராது, அதனால காசு போடறதுக்கு முன்னாடி உங்க கேமரா வெளிய என்ன அனுப்புதுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க.