நாகைக் கடலுக்கு வெட்சூட் தேவையா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், விடுமுறையில் கோவளம் போய் சர்ஃபிங் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். இனி நம்ம ஊர்ப் பக்கமே பலகையில் அலையேறப் போகிறானாம். இணையக் கடையில் '3/2' என்று போட்ட வெட்சூட்டை, அதாவது குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையைக் காட்டி, ஒன்பதாயிரம் ரூபாய் கேட்கிறான். மார்கழிக் குளிரை நினைத்தால் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. வாங்கலாமா?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம் அம்மா. மார்கழி விடியலில் வாடைக் காற்று அடிக்கும்போது குளிர்வது கரையில் நிற்பவருக்குத்தான். தண்ணீரில் இறங்கிவிட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும். நாகை, தரங்கம்பாடி, பூம்புகார் கரையோரத்தில் மார்கழி, தை மாதங்களில்கூடக் கடலின் மேல்பரப்பு வெப்பம் சுமார் 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்கும். சித்திரை, வைகாசியில் 29, 30 வரை ஏறிவிடும்.

3/2 என்றால் மார்பு, முதுகுப் பகுதியில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன். துணி நியோப்ரீன் என்ற ரப்பர் நுரை. அதற்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள் உடல் சூட்டை வெளியே விடாது. உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீரையும் உடம்பே சூடாக்கிக்கொள்ளும். இதெல்லாம் கடல் 16 முதல் 20 டிகிரி வரை இருக்கும் ஊர்களுக்காகச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டு நம் வெயிலில் பலகை மேல் படுத்து, கைகளையே துடுப்பாக்கி வலிக்க வலிக்கத் துழாவினால், உள்ளே வெந்துபோவான். தலைசுற்றலும் வரலாம். ஒன்பதாயிரம் கொடுத்து அந்தத் தொல்லை எதற்கு?

நம் கடலில் உடம்பைக் காக்க வேண்டியது வெயிலிலிருந்தும் உராய்விலிருந்தும்தான். அதற்கு முழுக்கை வைத்த, இழுத்தால் நீளும் லைக்ரா துணிச் சட்டை போதும். கடையில் 'ரேஷ் கார்டு' என்று கேளுங்கள். வெட்சூட்டை விட விலை மிகக் குறைவு. லேபிளில் யுபிஎஃப் 50 என்று இருக்கட்டும்; துணி வெயிலின் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. பலகையில் தடவும் மெழுகும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து வயிற்றையும் மார்பையும் தேய்த்துப் புண்ணாக்குமே, அதையும் இது தடுக்கும். ஜெல்லி மீன் பட்டாலும் மூடிய இடம் தப்பிக்கும். பருத்தி டி-சர்ட் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காற்றடித்தால் நடுங்கவைக்கும்.

வாங்கும்போது சட்டையை உட்புறம் திருப்பி, அக்குள் தையல் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே மேடு தட்டினால் ஒரே காலையில் தோல் உரிந்துவிடும். அளவு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கும்போது மேலே சுருண்டு ஏறும். கறுப்பும் நீலமும் வேண்டாம். ஆரஞ்சு அல்லது பச்சை கலந்த மஞ்சள் நிறமாக எடுங்கள். விசைப்படகும் ஃபைபர் படகும் போய்வரும் கடலில், தண்ணீரில் ஒரு தலை இருப்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பையன் ஒல்லியாக இருந்து, விடிகாலையில் நடுங்குகிறான் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் நியோப்ரீன் மேல்சட்டை ஒன்று போதும்.

மிச்சப் பணத்தில் பலகையைக் காலோடு கட்டும் லீஷ் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்புறம், நம் கரையில் கடலரிப்புக்குப் போட்ட கருங்கல் பல இடங்களில் கிடக்கிறது. ஆற்று முகத்துவாரங்களில் இழுவையும் அதிகம். இறங்கும் இடத்தை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அலை உயரத்துக்கும் கடல் வெப்பத்துக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குவதானால், தயாரான நாடும் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. அளவு சரியில்லாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: என் மகள் செப்டம்பரில் மேற்படிப்புக்கு அயர்லாந்து போகிறாள். அங்கே சர்ஃபிங் பழக ஆசை. வெட்சூட்டை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவளுக்குக் கண்டிப்பாகத் தேவை, ஆனால் அங்கே போய் வாங்கட்டும். அயர்லாந்துக் கடல் கோடை முடிவிலேயே 15, 16 டிகிரிதான். பிப்ரவரி, மார்ச்சில் 8 முதல் 10 டிகிரி வரை இறங்கிவிடும். இலையுதிர் காலத்துக்கு 4/3, நடுக்குளிருக்கு 5/4, கூடவே அதே நியோப்ரீனில் தலையை மூடும் உறை, கையுறை, காலணி. முதல் சில வகுப்புகளுக்கு சர்ஃபிங் பள்ளியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அதில் எந்த அளவு பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கலாம்.

போட்டுப் பார்க்காமல் வாங்கினால் காசு வீண். கழுத்திலும் முதுகின் அடிக்குழிவிலும் துணி தொங்கக் கூடாது, அந்த இடைவெளியில்தான் குளிர்ந்த நீர் புகுந்து புகுந்து வெளியேறும். போட்டுக்கொள்ளச் சிரமப்பட வேண்டும், மூச்சு மட்டும் தாராளமாக விட முடிய வேண்டும். தையலை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: இருபுறமும் நூல் தெரியும் தட்டைத் தையல் நீரை உள்ளே விடும், பசையால் ஒட்டி மறுபக்கம் ஊசி துளைக்காமல் தைத்ததுதான் அந்தக் குளிருக்குத் தாங்கும். பழைய சூட் மலிவாகக் கிடைத்தால் முழங்கால் பக்கம் மடித்துப் பார்க்கட்டும். மெல்லிய வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடலாம்.